முதுநிலைப் பட்டியலை முதலில் ஒழுங்காக வெளியிடுங்கள்

அரசு அலுவலகங்களில் யார் மூத்தவர் என்ற பணிமூப்புத் தகராறு என்றாலே, தேர்வெழுதி நேரடியாக வந்த நியமனக்காரரும் பதவி உயர்வில் வந்தவரும் பொறாமையில் முட்டிக்கொள்வதாகத்தான் வெளியில் பேசுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. முட்ட விட்டது, யாருக்கு முதலில் பதவி உயர்வு என்பதற்கு அடிப்படையான முதுநிலைப் பட்டியலை வருடக்கணக்கில் இறுதி செய்யாமல் கிடப்பில் போட்ட நிர்வாகம்தான்.

ஒரே தேர்வில் தேறி வந்தவர்களுக்குள் யார் மூத்தவர் என்பதைத் தேர்வாணையத்தின் தரவரிசைதான் முடிவு செய்யும், முதலில் வந்து கையெழுத்துப் போட்டது கணக்கில்லை. ஆனால் பட்டியல் எழுதுகிறவர் பணிப்பதிவேட்டைப் புரட்டி, சேர்ந்த தேதியைப் பார்த்து, தேதியும் ஒன்றாக இருந்தால் முற்பகலா பிற்பகலா என்று பார்த்து வரிசை போட்டுவிடுகிறார். பல வருஷம் கழித்து பேனல், அதாவது பதவி உயர்வு பெறப்போகிறவர்களின் பட்டியல், வரும்போதுதான் தப்பு தெரிகிறது. அதற்குள் கீழே இருக்க வேண்டியவர் கண்காணிப்பாளராகிவிடுகிறார். அவரும் யாரிடமும் பறிக்கவில்லை, கொடுத்த ஆணையை வாங்கிக்கொண்டார். அவரைப் பதவியிறக்கினால் அவர் கோர்ட்டுக்குப் போவார், இறக்காவிட்டால் மற்றவர் போவார்.

தாமதம் எவ்வளவு கொடுமை என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 2012-ல் பர்மார் வழக்கில், நேரடியாக நியமிக்கப்படுகிறவருக்கு, நியமன நடவடிக்கை தொடங்கிய ஆண்டிலிருந்தே மூப்பு உண்டு என்றது உச்ச நீதிமன்றம். 2019-ல் மணிப்பூர் காவல் அதிகாரிகள் வழக்கில் அதையே மாற்றி, பணிக்கே வராத காலத்துக்கு மூப்பு கேட்க முடியாது என்றது. என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் நியாயம். ஆனால் பழைய தீர்ப்பின்படி ஏற்கெனவே முடிவான மூப்பைத் தொட வேண்டாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. அப்படியென்றால் பட்டியலை நேரத்துக்கு முடித்த துறையில் இருந்தவருக்குப் பாதுகாப்பு, கோப்பைத் தூங்கவிட்ட துறையில் மாட்டியவருக்கு மறுபடியும் வழக்கு. இதில் அந்த ஊழியர் செய்த குற்றம் என்ன?

வழக்குப் போட்டால் அப்புறம் பதவி உயர்வுக்கு இடைக்காலத் தடை, அதனால் காலியிடம், அந்த இடத்தைப் பார்க்க இன்னொருவருக்குக் கூடுதல் பொறுப்பு. ஒருவர் இரண்டு இருக்கையைப் பார்ப்பார், அலுவலகத்தில் மனுக் கொடுத்த பொதுமக்கள் அலைவார்கள். வழக்கு ஜெயிக்கும்போது ஜெயித்தவர் ஓய்வு பெற்றிருப்பார். கையில் கருத்தியலான பதவி உயர்வு, அதாவது முன்தேதியிட்டுத் தாளில் மட்டும் தரும் உயர்வு, ஆணையாக வரும், ஓய்வூதியம் கொஞ்சம் கூடும், ஆனால் அந்தப் பதவியில் வேலை பார்க்கவில்லை என்று சொல்லி நிலுவைச் சம்பளத்தைப் பெரும்பாலும் மறுத்துவிடுவார்கள். வேலை பார்க்க விடாதது யார்?

சங்கங்கள் ஆளுக்கொரு தரப்பாகப் பிரிந்து மனுப் போடுவதை நிறுத்திவிட்டு இதைக் கேட்கட்டும்: ஆண்டுதோறும் பட்டியல் இணையத்தில் வர வேண்டும், சேர்ந்த தேதிக்குப் பக்கத்திலேயே தரவரிசை எண்ணும் இருக்க வேண்டும், ஆட்சேபணை கொடுத்தவருக்குக் காரணத்தோடு எழுத்தில் பதில் வர வேண்டும். அந்தப் பதில் போகாமல் எந்த பேனலிலும் கையெழுத்து விழக்கூடாது.