நான் வீடியோ பார்க்கவில்லை, படித்தேன்

அன்று கருத்தரங்கில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். இணையத்தில் இலவசப் பாடம் படித்தேன் என்று நான் சொன்னதும், "நீ படிக்கலப்பா, வீடியோ பார்த்திருக்க" என்று அத்தனை பேர் முன்னால் சொன்னார் அங்கே பேசிய சார். அரங்கமே சிரித்தது. மூன்று நாளாகியும் அந்தச் சிரிப்பு என் காதை விட்டுப் போகவில்லை.

நான் படித்தேன் சார்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் இணையத்தில் எல்லாருக்கும் இலவசமாகத் திறந்து வைத்திருக்கும் நேரியல் இயற்கணித (linear algebra) வகுப்புகள் அவை. 1999-ல் வகுப்பறையில் பதிவானவை. பேராசிரியர் கில்பர்ட் ஸ்ட்ராங் கரும்பலகையில் ஒரு அணியை (matrix, எண்களின் கட்டம்) எழுதுவார். அங்கேயே நிறுத்திவிட்டு நோட்டில் நானே போட்டுப் பார்ப்பேன். தப்பாக வரும். அழிப்பேன், மறுபடி போடுவேன். பத்து நிமிடப் பாடத்துக்கு ஒரு ராத்திரி முழுக்கப் போயிருக்கிறது. அழித்து அழித்துத் தாள் கிழிந்த பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது. சந்தேகம் கேட்கப் பக்கத்தில் ஆளில்லை. இதற்குப் பெயர் வீடியோ பார்ப்பதா?

"இலவசப் பாடத்தில் சேரும் நூறு பேரில் பத்துப் பேர்கூட முடிப்பதில்லையே" என்று வருவீர்கள். சரி, பெரும்பாலும் அப்படித்தான். 2008-ல் கனடாவில் சீமென்ஸ், டவுன்ஸ் என்ற இரண்டு ஆசிரியர்கள் இணையத்தில் நடத்திய பாடத்தில் கட்டணம் கட்டியவர்கள் 25 பேர். இலவசமாகச் சேர்ந்தவர்கள் 2,200 பேருக்கு மேல். அவர்களில் ஒருவர் இரண்டு வாரம் இருந்து, தனக்கு வேண்டியதைத் தெரிந்துகொண்டு கிளம்பியிருந்தால் அவர் தோற்றுப்போனவரா? கடைசிவரை இருந்தவர் மட்டும்தான் படித்தவரா?

ஆய்வகம் வேண்டிய படிப்புக்கு இது போதாது, ஒப்புக்கொள்கிறேன். "காப்பி அடிக்கலாமே" என்பவர்களுக்குப் பதில் சொல்ல மாட்டேன். நான் யாரிடமும் சான்றிதழ் கேட்கவில்லை. படித்ததைப் படித்தது என்று சொல்லுங்கள், அவ்வளவுதான்.

உண்மையில் எனக்கு வலித்தது வேறு. அன்று அந்த சார் திரையில் காட்டிய படங்களில் இரண்டு அதே திறந்த பாடத்தின் குறிப்புகளில் உள்ளவை. பார்த்ததுமே தெரிந்துவிட்டது, எத்தனை ராத்திரி அவற்றோடு உட்கார்ந்திருக்கிறேன்! மற்றவர்களும் எடுத்துப் பயன்படுத்த அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்தவை, வகுப்பில் தாராளமாகக் காட்டலாம். ஆனால் அந்த உரிமத்தின் முதல் நிபந்தனையே உருவாக்கியவரின் பெயரைச் சொல்ல வேண்டும் என்பதுதான். திரையில் கீழே இருந்ததோ அந்த சாரின் பெயர்.

அவர் எடுத்தால் அது பாடம் நடத்துவது, நான் எடுத்தால் வீடியோ பார்ப்பதா?

எழுந்து அங்கேயே கேட்டிருக்க வேண்டும். நா எழவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.