எத்தனை 'ஷ்'தான் தாங்கும் ஒரு தெரு?

சாயங்காலம் எங்கள் தெருவில் நின்று "தர்ஷ்..." என்று பாதி கூப்பிட்டாலே போதும். தர்ஷன், தர்ஷித், தர்ஷினி என்று அரை டஜன் தலைகள் திரும்பும். மிச்சம் இருப்பவர்கள் தக்ஷன், லக்ஷன், ரக்ஷன். பெயர்ப் பட்டியலா, குக்கர் விசிலா?

தாத்தா காலத்தில் கல்லை விட்டெறிந்தால் ஒரு மாடசாமி மேல் விழும். அப்புறம் வேதாசலம் மறைமலையடிகள் ஆனார், இராமையா அன்பழகன் ஆனார். வடமொழிப் பெயரைத் தமிழாக மாற்றியே சண்டை போட்ட காலம் அது. என் வகுப்பில் ரமேஷ், சுரேஷ் கூட்டம்; வாத்தியார் இனிஷியலை வைத்துத்தான் அடையாளம் கண்டார். அதுகூடச் சரி, வாயில் நுழைந்ததே!

இப்போது? நட்சத்திர எழுத்து, இணையத்தில் தேடல், அப்புறம் எண்கணித ஜோசியர். அவர் இங்கிலீஷில் இரண்டு 'ஏ', ஒரு 'ஹெச்' இலவச இணைப்பாகச் செருகுவார். பிறப்புச் சான்றிதழில் ஒரு ஸ்பெல்லிங், ஆதாரில் இன்னொன்று. கேட்டால், "யூனிக்கா இருக்கணும்ல!" ஆமாம், எல்கேஜியில் பாதி வகுப்பு அதே யூனிக்.

குலசாமி பெயர்? தொட்டிலில் போடும் அன்று காதில் மூன்று முறை சொல்வதோடு அதன் கதை முடிந்தது. 'ஹ்ரித்விக்' பாட்டி வாயில் வருமா? "ஏலே ருத்து" என்கிறாள். அம்மாக்காரி முறைக்கிறாள்.

சரி, இவ்வளவு பாடுபட்டு வைத்த பெயரைச் சொல்லி வீட்டில் யாராவது கூப்பிடுகிறார்களா? பப்பு, அம்மு, குட்டி!