பணம் மட்டும் எந்த இயங்குதளத்திலும் செல்லும்

கணக்கு மென்பொருளின் சந்தாவைப் புதுப்பிக்கச் சொல்லி வாரம் தவறாமல் மின்னஞ்சல் அனுப்பும் நிறுவனத்தின் பதிவிறக்கப் பக்கத்தில், விண்டோஸுக்கு ஒரு பொத்தானும் மேக்குக்கு ஒரு பொத்தானும் இருக்கின்றன. நான் பயன்படுத்தும் இயங்குதளமான லினக்ஸின் பெயருக்குக்கூட இடமில்லை. உதவிக் குழுவிடம் கேட்டால், "விண்டோஸில் நிறுவிப் பாருங்கள்" என்கிறார்கள். கால் வலிக்கிறது என்று போனவனிடம் வேறு கால் வாங்கி வரச் சொல்வார்களா?

லினக்ஸுக்கு ஏன் இல்லை என்றால், பயனர்கள் குறைவாம். மென்பொருளே இல்லாத இடத்துக்குப் பயனர் எதை நம்பி வருவார்? விநியோகங்கள், அதாவது லினக்ஸின் வெவ்வேறு வடிவங்கள், அதிகமாம். டெப், ஆர்பிஎம் என்று நிறுவல் கோப்பின் வகை மாறும் குழப்பம் உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரே பொதியைப் பல விநியோகங்களிலும் ஓட வைக்கும் ஃபிளாட்பேக்கும் ஆப்இமேஜும் அலங்காரத்துக்கா இருக்கின்றன? 2018-இல் வால்வ் என்ற விளையாட்டு நிறுவனம் புரோட்டான் என்ற கருவியை வெளியிட்ட பிறகு, விண்டோஸுக்கென்றே எழுதப்பட்ட விளையாட்டுகள் ஆயிரக்கணக்கில் லினக்ஸில் ஓடுகின்றன. துப்பாக்கிச் சண்டைக்குக் கிடைத்த மரியாதை என் கணக்கு வழக்குக்குக் கிடையாதா? 2017 நவம்பர் முதல் உலகின் அதிவேகமான 500 மீக்கணினிகளை வரிசைப்படுத்தும் டாப்500 பட்டியலில் உள்ளவை அனைத்தும் லினக்ஸில்தான் இயங்குகின்றன. வானிலையைக் கணிக்கத் தகுதியான இயங்குதளம், ஒரு விலைப்பட்டியலை அச்சிட மட்டும் தகுதியற்றுப் போய்விடுகிறது போலும்.

வேறு வழியின்றி விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட வைக்கும் வைன் வழியாக நேற்றிரவு நிறுவினேன். மென்பொருள் திறந்தது, தமிழ் எழுத்துகள் இருக்க வேண்டிய இடமெல்லாம் வெற்றுக் கட்டங்கள். உரிமக் கட்டணம் கேட்கும் சாளரம் மட்டும் ஒரு பிசிறும் இல்லாமல் பளிச்சென்று வந்து நின்றது.