சிவப்பு டிக்

மேலூர் பக்கம் எங்கள் ஊர். மகள் அரசுப் பள்ளியில் நாலாம் வகுப்பு. போன வாரம் பஸ் போர்டைப் படிக்கச் சொன்னேன். 'மாட்டு' வரை வந்தாள், அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். மாட்டுத்தாவணி! மாசம் ரெண்டு தடவையாவது போய்வருகிற இடம்.

வீட்டுக்கு வந்து நோட்டைப் புரட்டினேன். 'பள்லிக்கு போனாள்' என்று எழுதியிருக்கிறாள். அதன் மேலேயே பெரிய சிவப்பு டிக். அடுத்த பக்கம் 'மலை பெய்தது'. அதற்கும் டிக், கூடவே தேதி போட்டுக் கையெழுத்து.

சண்டை போடத்தான் போனேன். டீச்சரைப் பார்த்ததும் வாய் வரவில்லை. ஐந்து வகுப்புக்கு ரெண்டே பேர். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை ரெண்டு ஆசிரியர் போதுமாம். தலைக்கணக்கு சரி. ஒண்ணாப்புக்கு அ, ஆவும் நாலாப்புக்குப் பின்னமும் ஒரே வாய் எப்படிச் சொல்லும்? அந்த ரெண்டு டீச்சரில் ஒருவர் பாதி நேரம் செல்போனில் எமிஸ் பதிவு, அதாவது பிள்ளைகள் விவரத்தை அரசுக்கு ஏற்றுகிற வேலை.

காலைச் சாப்பாட்டைக் குறை சொல்ல மாட்டேன். அந்தத் திட்டத்தை 2022 செப்டம்பர் 15 அன்று நம் மதுரையில்தான் தொடங்கினார்கள். சாப்பாடு நேரத்துக்கு வருகிறது. பாடம்தான் வரவில்லை.

"வேன்ல ஏத்திவிட வேண்டியதுதானே" என்கிறார் மதினி. பீஸை அவரா கட்டுவார்? வேனில் ஏற ஏற இங்கே தலை குறைகிறது. தலை குறைந்தால் ஆசிரியரும் குறைவார்.

வீட்டுக்காரர் வேறு, டாக்டர் படிப்பில் அரசுப் பள்ளிக்கு 7.5 சதவீதம் உள் ஒதுக்கீடு இருக்கே என்கிறார். சரி, முதலில் போர்டைப் படிக்கட்டும். ராத்திரி ல, ள, ழ சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தேன். எனக்கே 'ழ' தகராறு.