50 வயதானால் கட்டடத்தை இடிக்கவே முடியாதா?

‘ஒரு கடைக் கட்டடம் 50 வருடத்தைத் தாண்டிவிட்டால் தானாகவே பாரம்பரியச் சின்னம் ஆகிவிடும், யாரும் கை வைக்க முடியாது’ என்று ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

அமெரிக்காவின் வரலாற்று இடங்களுக்கான தேசியப் பதிவேட்டில் 50 வருடம் என்ற பொது வரம்பு உண்டு. ஆனால் வயது மட்டும் அங்கேயும் போதாது. முக்கிய நிகழ்வு, முக்கிய மனிதர், கட்டடக்கலை என்று ஏதாவதொரு சிறப்பு வேண்டும். பழைய உருவமும் மிஞ்சியிருக்க வேண்டும். அப்புறம், பதிவேட்டில் சேர்ந்த பிறகும், உரிமையாளர் சொந்தப் பணத்தில் இடிப்பதை அந்தப் பதிவு தடுக்காது. தடுக்கும் பலம் பெரும்பாலும் உள்ளூர்ச் சட்டங்களுக்கே உண்டு.

நியூயார்க்கின் பென்சில்வேனியா ரயில் நிலையத்தை 1963இல் இடிக்கத் தொடங்கியபோது அதற்கு 53 வயது. காப்பாற்றச் சட்டம் இல்லை. 1965இல்தான் அந்த நகரத்துக்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இடிபட்ட அந்த நிலையத்தின் தூண்களை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது.

சரி, வயது போதாது என்றால், ஒரு பழைய கடையை இடிக்கலாமா, வைத்திருக்கலாமா என்று முடிவு செய்ய எதைப் பார்ப்பது? முகப்பைப் பிற்காலத்தில் தகடுகளால் மூடியிருந்தால், அவற்றில் ஒன்றைக் கழற்றிப் பாருங்கள். பின்னால் செங்கல் வேலைப்பாடும், மங்கிய பெயர் எழுத்தும் அப்படியே இருக்கலாம். விரிசலைப் பார்த்ததும் இடிக்கச் சொல்லாதீர்கள். பூச்சில் மட்டும் விழுந்ததா, சுவரிலுமா? விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடிப் பட்டையை ஒட்டி வைப்பது பழைய வழக்கம். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். சில மாதம் கவனித்துவிட்டு, கட்டமைப்புப் பொறியாளரிடம் கேளுங்கள்.