கவிதையை இரண்டு தடவை வாசியுங்கள்

இந்த நாட்களில் வட்ஸ்அப்பைத் திறந்தால் அழைப்பிதழ்தான். மட்டக்களப்பு நகரில் ஒரு கவிதை வாசிப்பு, கல்முனைப் பக்கம் இன்னொன்று, அக்கரைப்பற்றில் இளையவர்களுக்கு எழுத்துப் பயிலரங்கு, வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பிள்ளைகளுக்குச் சிறுகதைப் பட்டறை. மாரி தொடங்கி வெள்ளம் தெருவை மறிக்க முன்னம் எல்லாவற்றையும் நடத்திவிட வேண்டுமென்று ஏற்பாட்டாளர்கள் ஓடித் திரிவது தெரிகிறது. சந்தோசம். கூட்டமே இல்லாமல் கிடந்த காலத்தையும் பார்த்தவர்கள் நாங்கள். பொழுதுபட முன்னம் கதவைச் சாத்திய ஊர்களில் இன்று ஒரே கிழமையில் இரண்டு இடத்தில் கவிதை கேட்கலாம் என்றால் அது சின்ன விசயமில்லை.

ஆனாலும் எனக்கு ஒரு முறைப்பாடு இருக்கிறது. நடத்துகிறவர்களில் பாதிப்பேர் என் கூட்டாளிகள். நேரில் சொன்னால் "சும்மா இரு மச்சான், நீ ஒரு கூட்டம் வைத்துப் பார்" என்று வாயை அடைத்துவிடுவார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் கவிதைக் கூட்டங்களில் கவிதைக்குத்தான் நேரமில்லை.

வந்த அழைப்பிதழ்களில் ஒன்றை விரலால் பெருப்பித்துப் பாருங்கள். மேலே வட்டத்துக்குள் பிரதம அதிதியின் படம். அடுத்த வரிசையில் சிறப்பு அதிதிகள், அதற்கடுத்து கௌரவ அதிதிகள், அதற்கும் கீழே விசேட அதிதிகள். (சிறப்புக்கும் விசேடத்துக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் நாற்காலி வித்தியாசம் என்றான் ஒரு கூட்டாளி.) எல்லாவற்றுக்கும் அடியில், எறும்பு ஊர்ந்த அளவு எழுத்தில், கவிதை வாசிப்பவர்களின் பெயர்கள். கடைசியில் "மற்றும் பலர்". அந்தப் பலரில் ஒருவர்தான் அன்றைக்கு நல்ல கவிதை வாசிக்கப்போகிறவராக இருப்பார், பெரும்பாலும்.

நிகழ்வும் அந்த வரிசைப்படியே நடக்கும். மூன்றரை என்று போட்டால் நாலரை. விளக்கேற்றல், மௌன அஞ்சலி, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரைகள், பொன்னாடை, நினைவுச்சின்னம், படம். பிரதம அதிதிக்கு இன்னொரு நிகழ்வு இருக்கும். அவர் எழும்பினால் கமராவும் எழும்பும், மண்டபத்தின் முன்வரிசையும் எழும்பும். அதற்குப் பிறகு அறிவிப்பாளர் மைக்கைப் பிடித்து, "நேரம் போய்விட்டது, கவிஞர்கள் தயவுசெய்து ஆளுக்கு மூன்று நிமிடத்தில் சுருக்கமாக" என்பார். வாழ்த்துரைக்கு இருபது நிமிடம் எடுத்தவரிடம் யாரும் சுருக்கச் சொல்லவில்லை. கவிதையைச் சுருக்கச் சொல்கிறார்கள். எப்படிச் சுருக்குவது? அது ஏற்கெனவே சுருக்கித்தானே எழுதப்பட்டிருக்கிறது.

நூல் வெளியீட்டை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அங்கே அதிதி வேண்டும், ஒவ்வொருவராகப் பெயர் கூப்பிட்டுச் சிறப்புப் பிரதி கொடுக்க வேண்டும், காசு வைத்த என்வலப் வர வேண்டும். இல்லாவிட்டால் கைக்காசைப் போட்டு முந்நூறு பிரதி அடித்தவன் அச்சகக் கடனை எப்படிக் கட்டுவான்? கவிதை வாசிப்பு அப்படியல்ல. அதற்குத் தேவை கொஞ்சம் கதிரை, கேட்கிற காது, பிளேன்ரீ. ஓர் அதிகாரியின் பெயர் இல்லாமல் மண்டபம் கிடைக்காது என்கிறீர்களா? சரி, பெயரைப் போடுங்கள், அவரையும் அழையுங்கள். முன்வரிசையில் உட்கார்ந்து கவிதை கேட்கட்டும். அவர்களில் கவிதை கேட்க ஆசைப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். நாங்கள்தான் அவர்களைப் பேசவிட்டு அனுப்பிவிடுகிறோம்.

"இப்ப சனத்துக்குப் பொறுமை இல்லை" என்பது அடுத்த பதில். விடிய விடியக் கூத்துப் பார்த்த ஊர் இது. இன்றைக்கும் படுவான்கரையில் ஒரு வடமோடிக் கூத்து அரங்கேறினால் பாயும் தலையணையுமாக வந்து களரியைச் சுற்றிக் குந்துகிறார்கள். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கில் குளிர்த்தி பாடும்போது எத்தனைபேர் கோயில் வீதியில் கண் கொட்டாமல் இருக்கிறார்கள் என்று பாருங்கள். சனத்துக்குப் பொறுமை இருக்கிறது. அவர்களுக்குக் கேட்பதற்கு ஏதாவது கொடுக்க வேண்டும்.

கூத்தில் இன்னொரு விசயம் உண்டு. கூத்தர் ஒரு அடியைப் பாடினால் பிற்பாட்டுக்காரர் அதை வாங்கித் திரும்பப் பாடுவார்கள். மத்தளச் சத்தத்தில் முதல் தடவை தவறிய சொல் இரண்டாம் தடவையில் காதில் விழுந்துவிடும். மரபுக் கவியரங்கிலும் அப்படித்தான். நல்ல அடி வந்தால் கவிஞரே அதைத் திருப்பிச் சொல்வார், சபையிலிருந்து "இன்னொருக்கால்" என்று குரல் வரும். எதுகையும் மோனையும் வேறு பிடித்துத் தரும். புதுக்கவிதைக்கு வந்தபோது நாங்கள் எதுகையை விட்டோம், அது எங்கள் விருப்பம். திருப்பிச் சொல்வதையும் ஏன் விட்டோம் என்றுதான் எனக்கு விளங்கவில்லை. ஓசைப் பிடிமானம் குறைந்த கவிதைக்குத்தானே இரண்டாம் வாசிப்பு கூடத் தேவை? எங்கள் கல்முனைக் கவிஞர் சோலைக்கிளியின் ஒரு கவிதையைக் காதால் மட்டும் கேட்டுப் பாருங்கள். முதல் தடவையில் படிமங்கள் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு ஓடிவிடும், கையில் ஒன்றும் நிற்காது. அதையே இன்னொருமுறை நிதானமாக வாசித்தால் அவை ஒவ்வொன்றாக வந்து உட்காரும்.

ஆகவே என் முதல் கேள்வி இதுதான்: பன்னிரண்டு பேரை மேடையேற்றி ஆளுக்கு மூன்று நிமிடம் கொடுப்பதற்குப் பதிலாக, ஐந்து பேரைக் கூப்பிட்டு, ஒவ்வொரு கவிதையையும் இரண்டு தடவை வாசிக்கவிட்டால் என்ன? மற்ற ஏழுபேருக்கு அடுத்த மாதம் இருக்கிறது. கோபிப்பார்கள், தெரியும். கோபித்தால் அடுத்த மாதம் வந்து அந்தக் கோபத்தையே வாசிக்கட்டும்.

கல்முனைக் கரையில் ஒருகாலம் இப்படித்தான் இருந்தது என்று மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். பெரியநீலாவணையில் பிறந்து, ஆசிரியராக இருந்துகொண்டே எழுதிய கவிஞர் நீலாவணன் 1975 இல் காலமானபோது அவருக்கு வயது 43. அந்தக் கொஞ்ச ஆயுளுக்குள் தன் கவிதையை மட்டும் எழுதிவிட்டுப் போகவில்லை. கல்முனை எழுத்தாளர் சங்கத்தைச் சுற்றி ஒரு தலைமுறையையே எழுதவைத்தார். கவிஞரும் விமர்சகருமான எம்.ஏ. நுஃமான் அவரோடு பழகி வளர்ந்தவர்களில் ஒருவர். அறுபதுகளின் முடிவில் கவிதைக்கென்றே 'கவிஞன்' என்ற இதழை நுஃமான் கல்முனையிலிருந்து கொண்டுவந்தார். பாண்டிருப்பில் கவிஞர் சண்முகம் சிவலிங்கம் இருந்தார். மருதமுனையில் மருதூர்க்கொத்தன், மருதூர்க்கனி. பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை எல்லாம் ஒரே தெருவில் அடுத்தடுத்த ஊர்கள், சைக்கிள் மிதிக்கிற தூரம். ஒருவர் எழுதியதை இன்னொருவர் சுடச்சுடக் கேட்டு, இந்தச் சொல் சரியில்லை என்று முகத்துக்கு நேரே சொல்ல முடிந்த தூரம். பேச்சோசை செய்யுளுக்குள் வந்து உட்கார்ந்தது அப்படிக் கேட்ட காதுகளால்தான் என்பது என் எண்ணம்.

இப்போது அந்த வேலையை முகநூல் செய்கிறது என்கிறார்கள். செய்கிறதா? இரவு பதினொரு மணிக்குக் கவிதை போட்டால் விடியுமுன் "அருமை தோழர்", "சிறப்பு", கைகூப்பல், ரோசாப்பூ. மூன்றாம் வரி செத்துக் கிடக்கிறது என்று ஒருவர்கூடச் சொல்வதில்லை. நானும் சொல்வதில்லை, சொன்னால் உறவு முறியும். அதற்குத்தான் பட்டறை என்று ஒன்று வேண்டும்.

பட்டறைகள் எப்படி நடக்கின்றன? காலையில் ஆரம்ப வைபவம். பிறகு வளவாளர் சங்க காலத்தில் தொடங்கிப் பின்நவீனத்துவம் வரை ஒரே மூச்சில் திரையில் ஓட்டுவார். சாப்பாட்டுப் பார்சல். அதற்குப் பிறகு தூக்கம் வருகிற நேரத்தில் குழுச் செயற்பாடு. பின்னேரம் சான்றிதழ், கூட்டுப்படம். பிள்ளைகளுக்குச் சான்றிதழ் தேவை, கோப்பில் வைக்கட்டும், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் காலையில் வெறுங்கையோடு வந்த பிள்ளை பின்னேரம் வெறுங்கையோடு சான்றிதழை மட்டும் கொண்டு போவது என்ன நியாயம்?

கவிதையைக் கற்றுக்கொடுக்க முடியாது என்று ஒரு பெரியவர் எப்போதும் சொல்வார். இருக்கலாம். வெட்டுவதைக் கற்றுக்கொடுக்கலாம். போன வருடம் ஒரு பயிலரங்கில் கண்டதைச் சொல்கிறேன். படுவான்கரைப் பிள்ளை ஒருத்தி அம்மாவைப் பற்றி எழுதிக்கொண்டு வந்திருந்தாள். அம்மாவின் கண்ணீர் கடல், தியாகம் மலை, பாசம் வானம் என்று போனது. எல்லோரும் கைதட்டினோம். வளவாளராக வந்தவர் கைதட்டவில்லை. தாளை வாங்கி மறுபடி தன் குரலில் வாசித்தார், கடைசிக்கு முந்திய இடத்தில் நின்றார். அங்கே மூன்று வரி கிடந்தது:

மாமாங்கத் தீர்த்தத்துக்கு
அம்மா உடுத்து வந்த சேலைத் தலைப்பில்
அடைவுச் சீட்டு முடிந்திருக்கு

"இது ஆர்ர வரி மகள்?" என்றார். "என்ர வரிதான் சேர்" என்றாள். "மேல உள்ளது?" பேசாமல் நின்றாள். பிறகு மெல்லச் சிரித்துக்கொண்டு, "அது எல்லாரும் எழுதுற மாதிரி எழுதினது" என்றாள். கடலையும் மலையையும் வானத்தையும் அவளே பேனையால் கோடு போட்டு வெட்டினாள். இதற்கு எடுத்தது கால் மணித்தியாலம். அந்த நாள் முழுவதிலும் நடந்த பட்டறை அந்தக் கால் மணித்தியாலம்தான், மிச்சமெல்லாம் பேச்சு.

பயிற்சி என்றால் என்ன என்று வெளியூர் வளவாளர் வந்துதான் எங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. கூத்துப் பழக்கும்போது அண்ணாவியார் முதலில் சட்டம் கொடுப்பார், அதாவது அவரவர் பாட வேண்டிய பாட்டை எழுதிக் கொடுப்பார். பிறகு பல மாதம் இரவிரவாக ஆட்டமும் பாட்டும். இடையில் சதங்கை அணி விழா. அரங்கேற்றத்துக்கு முன் அடுக்குப் பார்ப்பார்கள், அதாவது முழு ஒத்திகை. தாளம் பிசகினால் அண்ணாவியார் மத்தளத்தை நிறுத்திவிடுவார், திரும்பத் தொடக்கத்திலிருந்து. இத்தனையும் தாண்டித்தான் அரங்கு. எழுத்துப் பயிலரங்கில் மட்டும் காலையில் சட்டம் கொடுத்துப் பின்னேரமே அரங்கேற்றிவிடுகிறோம். ஒரே நாளில் நடத்தும் காசை நாலு சனிக்கிழமைகளுக்குப் பிரித்துப் பாருங்கள். வளவாளர் ஒருவர், பிள்ளைகள் பத்துப்பேர், ஒவ்வொருவர் கையிலும் சொந்த எழுத்தின் போட்டோக்கொப்பி. முதல் சனியில் வாசித்ததை நாலாம் சனியில் திருத்தி வாசிக்க வேண்டும், அவ்வளவுதான் பாடத்திட்டம். வாசிக்கக் கொடுப்பதற்குப் பிரதி இல்லை என்ற சாட்டும் இப்போது செல்லாது. பழைய ஈழத்து இதழ்களும் தொகுப்புகளும் நூலகம் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடக்கின்றன.

நேரத்தைப் பற்றியும் இரண்டு சொல். மண்முனைப் பாலம் 2014 இல் திறந்த பிறகு படுவான்கரையின் கொக்கட்டிச்சோலைப் பக்கத்திலிருந்து வாவியைக் கடந்து நகருக்கு வருவது லேசாகிவிட்டது, உண்மை. பாலம் இருக்கிறது, பின்னேரம் ஏழு மணிக்குப் பஸ் எங்கே? நாலரைக்குத் தொடங்கும் கூட்டத்தில் தன் முறை வருமுன்னமே பையைத் தூக்கிக்கொண்டு எழும்பும் பெண்பிள்ளைகளை எத்தனை தடவை பார்த்துவிட்டோம். ஏற்பாட்டாளர்களில் அநேகமானோர் மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் ஆம்பிளைகள். அதனால் அவர்களுக்கு இது கண்ணில் படுவதில்லை. ஞாயிறு காலையில் வைத்தால் அறநெறியும் ஆராதனையும் குறுக்கே வரும், வெள்ளி மத்தியானத்தில் ஜும்ஆ. மாசி பங்குனியில் பெரும்போக நெல் வெட்டு, அப்போது படுவான்கரையில் யாரைத் தேடுவீர்கள்? சனிக்கிழமை காலை ஒன்பதரைக்குத் தொடங்கி ஒரு மணிக்கு முடியுங்கள். அல்லது பௌர்ணமி விடுமுறையான போயா நாள். கூட்டத்தை எப்போதும் நகரத்தில்தான் வைக்க வேண்டும் என்றும் சட்டமில்லை. கவிஞர்கள் அஞ்சுபேர் பாலம் தாண்டிப் போவது, ஐம்பது பிள்ளைகள் பாலம் தாண்டி வருவதைவிடச் சுகம்.

கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு நண்பர்களுக்குத் தனியாக ஒன்று. ஒரே தெருவில் தமிழருக்கு ஒரு வாசிப்பு, முஸ்லிம்களுக்கு ஒரு வாசிப்பு என்று யாரும் அறிவித்து வைப்பதில்லை. ஆனால் அழைப்பிதழில் பெயர்களைப் பார்த்தால் அப்படித்தான் பிரிந்து கிடக்கிறது. காரைதீவுப் பிள்ளை அனாரின் கவிதையைப் புத்தகத்தில் வாசிக்கிறது. அனாரின் ஊர் பக்கத்துச் சாய்ந்தமருது. ஒரு பட்டியலில் ஐந்து பெயர் போடும்போது கொஞ்சம் யோசித்துப் போட்டால் போதும், ஒற்றுமை பற்றி ஒருவர் எழும்பி உரையாற்ற வேண்டிய தேவையே வராது.

சரி, "நீ ஒரு கூட்டம் வைத்துப் பார்" என்ற கூட்டாளிகளுக்கு: வைக்கிறோம். நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஒரு வாசிப்புக்கு இடம் கேட்டிருக்கிறோம். சனிக்கிழமை காலை. அதிதி இல்லை, பொன்னாடை இல்லை, மைக்கும் இல்லை. ஐந்து பேர் வாசிப்பார்கள், எல்லாம் இரண்டு தடவை. அதற்குப் பிறகு வந்திருக்கும் பிள்ளைகளின் எழுத்தை எடுத்து மேசையில் போடுவோம். வர விரும்புகிறவர்கள் உங்கள் கவிதையில் பத்துப் போட்டோக்கொப்பி எடுத்துக்கொண்டு வாருங்கள், ஒரு பேனையும். இடம் சரிவந்ததும் கீழே கொமன்றில் போடுகிறேன். மழை பெய்தால் அடுத்த சனி.