ஐந்து இலட்சம் பதின்மூன்று இலட்சமான கதை

அந்தப் பதிவை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "ஐந்து இலட்சம் வாங்கினேன், இன்று பதின்மூன்று இலட்சம் கட்டச் சொல்கிறார்கள், நீதிமன்றமே மீற்றர் வட்டிக்காரனாகிவிட்டது" என்று நம்மூர்ப் பெரியவர் ஒருவர் எழுதியிருந்தார். அதன் கீழே அழுகைக் குறிகளும் "கடவுள் பார்த்துக்கொள்வார் அண்ணா" என்ற ஆறுதல்களும் வரிசையாக நின்றன. இத்தனை நாள் ஏன் கட்டவில்லை என்ற ஒரு கேள்வியை மட்டும் எவரும் கேட்கவில்லை. நான் கேட்டேன், என் பின்னூட்டம் அரை மணித்தியாலத்தில் காணாமல் போனது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

அவர் தாமே வெளியிட்ட விவரங்களின்படி, நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி என்று புரோநோட்டில் ஒப்பமிட்டுக் கடன் பெற்றிருக்கிறார். ஆண்டுக்கு அது 12 வீதம். வழக்குத் தாக்கலானது 2014 தையில். தீர்ப்பாணை வந்தது 2017 தையில். வழக்கு நடந்த மூன்றாண்டுகளுக்கு ஆண்டுக்கு 60,000 ரூபாயாக 180,000 ரூபாய் சேர்ந்து, தீர்ப்பாணைத் தொகை 680,000 ஆகிறது. இலங்கையின் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 192ஆம் பிரிவு, தீர்ப்பாணைத் திகதியிலிருந்து பணம் செலுத்தப்படும் நாள்வரை மேற்கொண்டு வட்டி கொடுக்கும்படி கட்டளையிட நீதிமன்றத்துக்கு இடமளிக்கிறது. அந்த வட்டி தனி முதலுக்கு அல்ல, தீர்ப்பளிக்கப்பட்ட மொத்தத் தொகைக்கு. ஆகவே 2017க்குப் பிறகு ஆண்டுக்கு 81,600 ரூபாய். 2025 தை வரையான எட்டு ஆண்டுகளுக்கு 652,800. இரண்டையும் கூட்டினால் 1,332,800.

இது கூட்டுவட்டி என்று ஒருவர் எழுதியிருந்தார். உயர்தர வகுப்புக்குக் கணக்கீடு கற்பிக்கிறவள் என்ற முறையில் இதை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை. பழைய வட்டி முதலோடு சேர்ந்தது ஒரே ஒரு முறை, தீர்ப்பாணை எழுதப்பட்ட அன்று. அதன் பிறகு அந்த 680,000 அசையவே இல்லை. 2014இலிருந்து ஆண்டுக்கொருமுறை வட்டியை முதலோடு சேர்த்திருந்தால் தொகை பதினேழு இலட்சத்தைத் தாண்டியிருக்கும். மீற்றர் வட்டி எப்படி ஓடும் என்று தெரியாதவர்கள் சந்தையில் நாள்வட்டிக்கு எடுத்து வியாபாரம் செய்யும் பெண்களிடம் கேட்டுப் பாருங்கள்.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான்: தீர்ப்புக்குப் பின்னான வட்டி தண்டனை அல்ல. பிறருடைய பணத்தைத் தன்னிடம் வைத்திருந்ததற்கான வாடகை அது. வீட்டை விட்டு எழும்பச் சொல்லித் தீர்ப்பு வந்த பிறகும் எட்டு வருடம் அதே வீட்டில் இருந்தவர், "வாடகை இவ்வளவா?" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டால் நாம் அழுகைக் குறி இடுவோமா?

அதுவும் மலிவான வாடகை. 2022 செப்டெம்பரில் இந்த நாட்டில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. நிலையான வைப்புக்கு வங்கிகள் 20 வீதத்துக்கு மேல் கொடுத்த காலம் அது. 12 வீதம் கட்ட வேண்டியவர் அந்தப் பணத்தை வங்கியில் போட்டு இருந்த இடத்திலேயே இலாபம் பார்த்திருக்கலாம். அவர் அப்படிச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. அவருடைய கடை இரண்டு மாடியானது எந்த ஆண்டில் என்பது உங்களுக்கே தெரியும்.

"நீதிமன்றம் தாமதித்தால் நான் ஏன் வட்டி கட்ட வேண்டும்?" என்கிறார். நல்ல கேள்விதான், ஆனால் தீர்ப்பாணை வந்த மறுநாளே கட்ட வேண்டாம் என்று அவரை எந்த நீதிபதியும் மறித்திருக்க முடியாது. இடையில் ஒன்றரை இலட்சம் கையில் கொடுத்தேன், அதைக் கணக்கில் எடுக்கவில்லை என்றும் எழுதியிருக்கிறார். அது உண்மையானால் எனக்கும் வருத்தமே. ஆனால் தீர்ப்பாணைக்குப் பிறகு நீதிமன்றத்துக்கு வெளியே கொடுத்த பணத்தை வழக்கேட்டில் பதிவித்துக்கொள்ள வேண்டும் என்பதைச் சட்டத்தரணி ஒருவரிடம் கேட்டறியப் பத்து நிமிடம் போதும். பதிந்திருந்தாலும், வேறு இணக்கம் இல்லாவிட்டால், கொடுத்தது முதலில் வட்டிக்கே போகும். மிஞ்சினால்தான் முதல் குறையும். இரண்டு வருட வட்டிக்கும் காணாத தொகையைக் கொடுத்துவிட்டு முதல் தொகை குறைந்துவிட்டதாக நினைத்தால், அந்தப் பிழை கணக்கில் இல்லை.

இனி என் கதையைச் சொல்கிறேன். "நீ ஏன் இவ்வளவு துள்ளுகிறாய்?" என்று எப்படியும் கேட்பீர்கள்.

மட்டக்களப்பின் படுவான்கரையில் எங்கள் அப்பா நெல் விதைத்தவர். 2007 இடப்பெயர்வுக்கு முந்திய போகத்தில் விளைந்த நெல் முழுவதையும் ஒரு மில்காரருக்குக் கடனாகக் கொடுத்துப் புரோநோட்டு எழுதி வாங்கினார். ஊரே பெயர்ந்து கொட்டிலிலும் பள்ளிக்கூடத்திலும் கிடந்தபோது, அந்தக் கடதாசியை ஒரு பொலித்தீன் பைக்குள் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு திரிந்தார். 2008இல் வழக்குப் போட்டோம். 2011இல் வட்டியோடு சேர்த்து நான்கு இலட்சம் என்று தீர்ப்பாணை வந்தது. மில்காரர் மேன்முறையீடு செய்தார். அது 2018இல் தள்ளுபடியானது. தீர்ப்பாணைக்குப் பத்து ஆண்டு கடந்துவிட்டால் அதை நிறைவேற்றக் கேட்கவே முடியாது என்று யாரோ சொல்லித்தான் 2020இல் அவசரமாகத் தீர்ப்பாணையை நிறைவேற்றும் எழுத்தாணைக்கு விண்ணப்பித்தோம். பிறகு கொரோனா. 2022 புரட்டாதியில், நீதிமன்றத்துக்காகப் பணத்தை அறவிடும் அலுவலரான பிஸ்கால் வாசலுக்கு வரப்போகிறார் என்று தெரிந்த பிறகுதான், மில்காரர் காசோலையை நீட்டினார்.

நான்கு இலட்சம். 2011இல் எழுதிய அதே நான்கு இலட்சம்.

ஏனென்றால், எங்கள் வழக்கு மனுவின் இறுதியில் நிவாரணங்களைக் கேட்ட இடத்தில், "தீர்ப்பாணைத் திகதி வரை" வட்டி என்று இருந்தது. "முழுதும் செலுத்தித் தீரும் வரை" என்ற நான்கு சொற்கள் இல்லை. கேட்காததை நீதிமன்றம் தரவில்லை, தீர்ப்பாணையில் இல்லாததைப் பிஸ்கால் அறவிட முடியாது. பதினொரு ஆண்டு எங்கள் பணத்தை வைத்திருந்த மனிதர் அதற்காக ஒரு சதமும் கொடுக்கவில்லை. 2011இல் நாட்டு வகை நெல்லுக்கு அரசாங்கத்தின் உத்தரவாத விலை கிலோ 28 ரூபாய். நான்கு இலட்சத்துக்கு 14,000 கிலோவுக்கு மேல் வாங்கலாம். 2022இல் நெல் கிலோ நூறு ரூபாயைத் தாண்டிவிட்டது. நாலாயிரம் கிலோவும் தேறாது. பத்தாயிரம் கிலோ நெல் எங்கே போனது என்று எந்த அழுகைக் குறியும் எங்களைக் கேட்கவில்லை.

அன்று வீட்டு விறாந்தையில் அப்பா காசோலையைக் கண்ணுக்கு அருகில் பிடித்து இரண்டு முறை வாசித்தார். பிறகு, "இடையில கிடந்த வருசத்துக்கு ஒண்டும் இல்லையா மகள்?" என்று கேட்டார். கணக்கீட்டு ஆசிரியையான எனக்கு அன்று பதில் வரவில்லை. காசோலையை அவரே நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வங்கியில் மடிப்புத் தெரிகிறதென்று முகம் சுளித்தார்கள்.

எனவே வட்டி அநியாயம் என்று என்னிடம் பேச வருகிறவர்கள் சற்று யோசித்துவிட்டு வாருங்கள்.

காத்தான்குடியிலிருந்து என் நண்பி, வட்டி ஹராம், தீர்ப்பின் பெயரில் வந்தாலும் ஹராம்தான் என்று தனியே எழுதினாள். அவளோடு நான் வாதாடவில்லை. அவளுடைய வாப்பா ஒரு வழக்கில் வென்று, முதலை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டவர். அந்த மனத்துக்கு முன் எனக்குப் பேச்சில்லை. ஆனால் இடருற்ற கடனாளிக்கு அவகாசம் கொடுக்கச் சொல்லும் அதே மார்க்கம், வசதியுள்ளவன் கடனை இழுத்தடிப்பதை அநியாயம் என்கிறது. இதையும் அவள்தான் சொன்னாள். விட்டுக்கொடுக்கும் உரிமை கொடுத்தவருக்கு உரியது. வாங்கியவர் அதைத் தானே எடுத்துக்கொள்ள முடியாது.

பசளைத் தடை வந்த 2021இல் விளைச்சல் இழந்த விவசாயிக்கும், நுண்கடன் எடுத்துத் தவிக்கும் பெண்ணுக்கும் இதே வட்டியா என்று கேட்கிறீர்கள். அவர்களுக்காகப் பேச வேண்டிய நாளில் பேசுவேன். இந்தப் பெரியவர் அவர்களில் ஒருவர் அல்லர், அவர்களுடைய கண்ணீரை இரவல் வாங்கி எழுதுகிறார். அதுவே என்னை அதிகம் சுடுகிறது. நீதிபதிக்கு 192ஆம் பிரிவில் தற்றுணிபு, அதாவது தாமே தீர்மானிக்கும் அதிகாரம், உண்டு. வட்டியை முந்திய ஒரு திகதியோடு நிறுத்தவும் முடியும். உண்மையாகவே இயலாதவர் அதைத் தீர்ப்புக்கு முன் மன்றில் எழுந்து சொல்ல வேண்டும், எட்டு வருடம் கழித்து முகநூலில் அல்ல.

நான் கடன் கொடுத்தவரின் உறவினர் என்று ஒருவர் கண்டுபிடித்திருக்கிறார். இல்லை. அவரை நான் பார்த்ததுகூட இல்லை. அவரும் தம் மகளிடம் "இடையில கிடந்த வருசம்" பற்றிக் கேட்டிருப்பார் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

680,000க்கு 12 வீதம் என்றால் நாளொன்றுக்கு 223 ரூபாய் சொச்சம். இந்தப் பதிவை எழுத எனக்கு இரண்டு இரவுகள் பிடித்தன, அதற்குள் பெரியவரின் கணக்கில் இன்னும் 447 ரூபாய் ஏறியிருக்கும். திங்கட்கிழமை கட்டிவிட்டுப் பற்றுச்சீட்டையும் அதே இடத்தில் போட்டாரானால், முதல் விருப்பக்குறி என்னுடையது.